எனக்கு அப்புறம்

2015 டிசம்பரில் அடையாறு முடிச்சூருக்குள் புகுந்து வடிந்த பிறகு, எங்கள் தெருவின் எல்லா மொட்டை மாடிகளிலும் காகிதங்கள் காய்ந்துகொண்டிருந்தன. ரேஷன் கார்டு, வீட்டுப் பத்திரம், மார்க் ஷீட், கல்யாண போட்டோ. பறந்துவிடாமல் இருக்க ஒவ்வொன்றின் மேலும் ஒரு கல். எங்கள் மாடியில் அந்த வேலையை என் மகள் செய்துகொண்டிருந்தாள். அவளுக்கு அப்போது 21 வயது. பட்டப்படிப்பை முடித்துவிட்டு, மேலே படிக்கக் கல்விக் கடன் கிடைக்குமா என்று வங்கி வங்கியாக விசாரித்துக்கொண்டிருந்த நேரம்.

என்னை மாடிக்குக் கூப்பிட்டாள். அவள் கையில் இரண்டு காகிதங்கள். ஒன்று 1996இல் போட்ட டெபாசிட் ரசீதின் ஜெராக்ஸ். இன்னொன்று ஓரங்கள் ஊதிப்போன ஒரு சேமிப்புக் கணக்கு பாஸ்புக். "ரெண்டுலயும் என் பேர் இருக்கும்மா. இந்தப் பணமெல்லாம் எங்க?" என்றாள்.

நான் தாம்பரம் வட்டாரத்தில் ஒரு பொதுத்துறை வங்கியின் கிளைகளில் எழுத்தராக வேலை பார்த்தவள். என் பணம் எங்கே என்று கேட்பவர்களுக்கு லெட்ஜரைப் பார்த்துப் பதில் சொல்வதுதான் என் பிழைப்பு. அன்று என் மகளுக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. "கீழ வா, சாப்பிட்டுட்டுப் பேசலாம்" என்றேன்.

அந்த இரண்டு காகிதங்களின் கதையை இங்கே சொல்லிவிடுகிறேன்.

ரசீதில் இருந்த 25,000 ரூபாய் என் அம்மாவுடையது. அவளுடைய ரெட்டைவடச் சங்கிலியை விற்றுப் பேத்தி பேரில் போட்டாள். "பொண்ணு பேர்ல இருந்தா யாரும் தொட மாட்டாங்க" என்று சொல்லித்தான் போட்டாள். விண்ணப்பத்தில் பாதுகாவலர் என்ற இடத்தில் என் கணவர் கையெழுத்துப் போட்டார். அது யாருக்கும் உறுத்தவில்லை. வங்கியில் வேலை பார்க்கும் எனக்கே உறுத்தவில்லை. 2004இல் ஊரப்பாக்கத்தில் ஒரு மனை விலைக்கு வந்தபோது, அந்த டெபாசிட்டை முதிர்வுக்கு முன்பே முடித்து அட்வான்ஸ் கொடுத்தார். வட்டியோடு ஐம்பதாயிரத்துக்கு மேல் வந்திருந்தது. மனை அவர் பேரில் பதிவானது. பத்திரம் வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்கே விஷயம் தெரியும். சண்டை போட்டேன். அவர் கோபப்படவில்லை, உண்மையாகவே வியப்புடன் கேட்டார்: "எல்லாம் அவளுக்குத்தானே? எனக்கு அப்புறம் அந்த மனை வேற யாருக்குப் போகப்போவுது?"

பாஸ்புக் நான் தொடங்கியது. அதில் பாதுகாவலர் நான். காதுகுத்துக்கு வந்த மொய், பொங்கலுக்குத் தாத்தா கொடுத்தது, மாமா சீர், வகுப்பில் வாங்கிய பரிசுப் பணம் என்று கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்தது. 2009இல் என் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்தபோது அதிலிருந்து 38,000 ரூபாய் எடுத்தேன். மகளுக்கு அப்போது 15 வயது. அவளிடம் சொல்லவில்லை. திருப்பிப் போட்டுவிடலாம் என்று நினைத்தேன், போடவில்லை. பாஸ்புக்கின் கடைசி வரியில் மீதி 412 ரூபாய்.

என் கணவர் எடுத்ததற்காக ஐந்து ஆண்டுகள் அவரைக் குத்திக்காட்டிய நான், எடுத்தபோது அதை எடுத்ததாகவே நினைக்கவில்லை. இந்தக் கட்டுரையை எழுத வைப்பது அதுதான்.

மைனர் கணக்கில் டெபாசிட்டை முன்கூட்டியே முடிக்கும்போது பாதுகாவலரிடம் வங்கி ஒரு கடிதம் வாங்கும். இந்தப் பணம் மைனரின் நலனுக்காகவே பயன்படுத்தப்படும் என்று ஒரே வரி. கவுன்டரில் அப்படி எத்தனையோ கடிதங்களை வாங்கிக் கோப்பில் சேர்த்திருக்கிறேன். பணம் எதற்குப் போனது என்று பிறகு யாரும் விசாரிப்பதில்லை, விசாரிக்க வங்கிக்கு வழியும் இல்லை. தங்கச்சி கல்யாணத்துக்குப் போகும், பைக் முன்பணத்துக்குப் போகும், மூழ்கப்போகும் நகையை மீட்கப் போகும். கடிதத்தில் அதே வரிதான் இருக்கும். என் கணவரும் அதை எழுதிக் கொடுத்திருப்பார். நான் எடுத்தது சேமிப்புக் கணக்கு என்பதால் அதைக்கூட எழுத வேண்டியிருக்கவில்லை.

அப்பாவின் கையெழுத்து ஏன் யாருக்கும் உறுத்தவில்லை? சட்டமும் அதே வரிசையில்தான் எழுதப்பட்டிருக்கிறது. 1956ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் பாதுகாவலர் சட்டத்தின் 6ஆம் பிரிவு, குழந்தைக்கும் அதன் சொத்துக்கும் இயற்கைப் பாதுகாவலர் யார் என்று சொல்கிறது: தந்தை, அவருக்குப் பின் தாய். ஐந்து வயது நிறையாத குழந்தை பொதுவாகத் தாயின் பராமரிப்பில் இருக்க வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. சோறூட்டவும் பீ அள்ளவும் அம்மா, கையெழுத்துக்கு அப்பா.

கோயம்புத்தூரில் பிறந்த எழுத்தாளர் கீதா ஹரிஹரன் இந்த வரிசையில் வந்து முட்டியது 1984 டிசம்பரில். மகன் பேரில் 20,000 ரூபாய்க்கு ரிசர்வ் வங்கியின் 9 சதவீத நிவாரணப் பத்திரங்கள் வாங்க விண்ணப்பித்தார். அம்மாவே பாதுகாவலராக இருக்கட்டும் என்று கணவரும் மனைவியும் சேர்ந்து முடிவெடுத்து, அதை எழுதியும் கொடுத்திருந்தார்கள். ரிசர்வ் வங்கி ஏற்கவில்லை. அப்பா கையெழுத்துப் போட வேண்டும், அல்லது அம்மாதான் பாதுகாவலர் என்று உரிய அதிகார அமைப்பிடமிருந்து சான்று கொண்டுவர வேண்டும் என்று பதில் எழுதியது. அம்மாவைப் பாதுகாவலராக வைத்து மைனர் கணக்கு தொடங்கலாம் என்று மற்ற வங்கிகளுக்கு 1976இலேயே அனுமதி கொடுத்ததும் இதே ரிசர்வ் வங்கிதான்.

கீதா ஹரிஹரன் உச்ச நீதிமன்றம் போனார். அவருக்காக வாதாடியவர் இந்திரா ஜெய்சிங். தீர்ப்பு 1999 பிப்ரவரி 17 அன்று வந்தது. வழக்கே ஒரு சொல்லில் வந்து நின்றது: அவருக்குப் 'பின்' என்றால் என்ன? அவர் இறந்த பின் என்று மட்டும் பொருள் கொள்ள வேண்டியதில்லை, அவர் இல்லாதபோது என்றும் கொள்ளலாம் என்றது நீதிமன்றம். தந்தை குழந்தையின் விஷயத்தில் அக்கறையே காட்டாவிட்டால், இருவரும் பேசித் தாயிடம் பொறுப்பை விட்டிருந்தால், நோயாலோ தொலைவில் இருப்பதாலோ தந்தையால் முடியாவிட்டால், அவர் உயிரோடு இருக்கும்போதே தாய் இயற்கைப் பாதுகாவலராகச் செயல்படலாம்.

பெரிய வெற்றிதான். ஆனாலும் நீதிமன்றம் அந்தப் பிரிவைத் தள்ளுபடி செய்யவில்லை, பொருளை மட்டும் விரித்தது. தந்தை ஏதோ ஒருவிதத்தில் இல்லாமல் போனால்தான் தாய் முன்னே வர முடியும் என்ற வரிசை அப்படியே இருக்கிறது. தாயும் தந்தையும் சமமான பாதுகாவலர்கள் என்று பிரிவையே திருத்த வேண்டும் எனச் சட்ட ஆணையம் 2015 மே மாதம் தன் 257ஆவது அறிக்கையில் பரிந்துரைத்தது. 'அவருக்குப் பின்' இன்றும் சட்டப் புத்தகத்தில் அச்சாகிக்கொண்டிருக்கிறது.

முதன்முதலில் அந்தப் பிரிவைப் படித்தபோது எங்கள் வீட்டுக் குரல் காதில் விழுந்தது. எனக்கு அப்புறம் வேற யாருக்கு? சட்டத்தில் தாய்க்கு அப்புறம்தான் இடம். வீட்டில் மகளுக்கு எல்லாருக்கும் அப்புறம். அப்பா வீட்டைக் கட்டி முடித்த அப்புறம், அண்ணன் படித்து முடித்த அப்புறம், கல்யாணத்தின்போது, செத்த பிறகு. கிடைக்காது என்று யாரும் சொல்வதில்லை. அதனாலேயே சண்டை போடவும் முடிவதில்லை. உனக்குத்தான், ஆனால் இப்போது இல்லை என்பவரிடம் எப்படிச் சண்டை போடுவது?

ஒரு பெண் பேரில் இருக்கும் ரசீதும் பாஸ்புக்கும் இதற்கு நேர் எதிரானவை. இந்தப் பணம் இப்போதே அவளுடையது, கையாளத்தான் அவளுக்கு வயது வரவில்லை என்று அந்தக் காகிதம் சொல்கிறது. பாதுகாவலருக்கு இருப்பது கையெழுத்துப் போடும் பொறுப்பு மட்டும். பணம் அவருடையது இல்லை.

வைத்திருப்பவர் வேறு, உடையவர் வேறு என்பதை நம் நகை விஷயத்தில் நீதிமன்றம் முன்பே சொல்லியிருக்கிறது. 1985இல் பிரதிபா ராணி வழக்கில், மனைவியின் சீதனம் கணவன் வீட்டுப் பீரோவில் இருந்தாலும் அது அவளுடையதுதான், அதை வைத்திருப்பவர்கள் நம்பிக்கையின் பேரில் வைத்திருப்பவர்களே, திருப்பித் தர மறுத்தால் நம்பிக்கை மோசடி என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பைப் பற்றித் தொழிற்சங்கத்தின் மகளிர் கூட்டத்தில் பேசியவள் நான். மாமியார் பீரோவில் இருக்கும் என் நகைக்கு ஒரு நியாயம், என் பீரோவில் இருக்கும் மகளின் பாஸ்புக்குக்கு ஒரு நியாயம் என்று எப்படி வைத்துக்கொண்டேன்?

அப்படியானால் என் கணவர் செய்ததும் நான் செய்ததும் ஒன்றுதானா? இந்தக் கேள்வியோடு நெடுநாள் மல்லுக்கட்டினேன். ஒன்றில்லை என்றே இப்போதும் நினைக்கிறேன். அவர் எடுத்த பணம் அவர் பேரில் சொத்தாக மாறி, ஆண்டுக்கு ஆண்டு விலை ஏறி நிற்கிறது. நான் எடுத்தது ஒரு கிழவியின் இடுப்பெலும்பில் உலோகத் தகடாகப் போனது. அந்தக் கிழவியின் தங்கம்தான் முதல் ரசீதே. பெண்கள் எடுக்கும் பணம் பெரும்பாலும் அப்படித்தான் போகும், யார் பேரிலும் பத்திரமாகாமல், மருந்தாகவும் சோறாகவும். இந்த வேறுபாட்டைப் பார்க்காமல் எல்லாரும் திருடர்கள் என்று சொல்வது சோம்பேறித்தனம்.

ஆனால் இந்த வேறுபாட்டை நான் என் வக்கீலாக வைத்துக்கொண்டதும் உண்மை. நோக்கம் நல்லது என்பதால் கேட்க வேண்டியதில்லை என்று முடிவு செய்தேன். அவருக்கும் அவர் நோக்கம் நல்லதுதான். பதினைந்து வயதுப் பெண்ணிடம், பாட்டிக்கு ஆபரேஷன், உன் கணக்கிலிருந்து எடுக்க வேண்டியிருக்கிறது என்று சொல்வதற்கு ஒரு நிமிடம் போதும். அவள் வேண்டாமென்று சொல்லியிருக்க மாட்டாள். சரி என்று சொல்லும் வாய்ப்பைக்கூட அவளுக்கு நான் கொடுக்கவில்லை.

மாதக் கடைசியில் அரிசி வாங்கவே காசில்லாத வீட்டில் குழந்தைப் பணம், பெரியவர் பணம் என்று பிரிப்பது வசதி உள்ளவர்களின் பேச்சு என்று நீங்கள் கேட்கலாம். கவுன்டரில் நான் பார்த்த ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். தாம்பரம் சானடோரியத்தில் இருக்கும் மெப்ஸ் ஏற்றுமதி வளாகத்தில் ஒரு கம்பெனியில் தையல் வேலை செய்தவர். மகள் பேரில் மாதாமாதம் ஆர்.டி. கட்டி வந்தார். ஒருநாள் காலையில் வங்கி திறந்ததும் எட்டு வயதுப் பெண்ணைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து, ஆர்.டி.யை முடிக்க வேண்டும் என்றார். உதடு வீங்கியிருந்தது. என்ன ஏது என்று நான் கேட்கவில்லை. படிவத்தை நிரப்பும் முன் மகள் பக்கம் குனிந்து, "பாப்பா, உன் காசை எடுத்துத்தான் பெருங்களத்தூர்ல ரூமுக்கு அட்வான்ஸ் குடுக்கப் போறோம். அம்மா சம்பளம் வந்ததும் மறுபடி போட்டுருவேன், சரியா?" என்றார். அந்தக் குழந்தை தலையாட்டியது.

எட்டு வயதுக் குழந்தையின் தலையாட்டலைச் சம்மதம் என்று எந்தச் சட்டமும் ஏற்காது. நானும் அதைச் சம்மதம் என்று சொல்லவில்லை. ஆனால் அடி வாங்கிய உதட்டோடு, ஒளிந்து ஓடிக்கொண்டிருந்த ஒரு காலையில், அந்த அம்மாவுக்கு மகளிடம் சொல்ல நேரம் இருந்தது. எனக்கு இருக்கவில்லை. மைனரின் நலனுக்காக என்ற வரி உண்மையாக எழுதப்பட்டதை நான் கண்ணால் பார்த்தது அன்றுதான். வசதிக்கும் கணக்குச் சொல்வதற்கும் தொடர்பில்லை என்பதையும் அவரிடம்தான் கற்றேன். அன்றே கற்றிருக்க வேண்டும், பல ஆண்டுகள் கழித்துத்தான் உறைத்தது.

இதற்குப் பூட்டுப் போட்டால் தீர்ந்துவிடாதா? அரசும் நீதிமன்றமும் போட்டுப் பார்த்திருக்கின்றன. தமிழ்நாட்டில் 1992இல் தொடங்கிய பெண் குழந்தை பாதுகாப்புத் திட்டத்தில் பணம் குழந்தை பேரில் வைப்பாக இருக்கும், 18 வயதில்தான் கைக்கு வரும். 2015இல் வந்த செல்வமகள் சேமிப்புத் திட்டத்திலும் 18 வயதுக்குப் பிறகு கணக்கை இயக்கும் உரிமை மகளுக்கே. சாலை விபத்தில் அப்பாவை இழந்த குழந்தைக்கு வரும் இழப்பீட்டை, அது மேஜர் ஆகும்வரை நிரந்தர வைப்பில் போட வேண்டும் என்று சூசம்மா தாமஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் வழிகாட்டியது.

இந்தப் பூட்டுகள் வேண்டும். ஜி.எஸ்.டி. ரோட்டில் கணவனைப் பறிகொடுத்த பெண்களை எங்கள் கிளையில் பார்த்திருக்கிறேன். இழப்பீட்டில் இறந்தவரின் மனைவி, பிள்ளைகள், தாய் எல்லாருக்கும் பங்கு வரும். பணம் வந்த வாரமே மச்சினர்கள் வந்து நிற்பார்கள். "குழந்தை பணத்தைத் தொட முடியாதுங்க, கோர்ட் உத்தரவு" என்று அந்தப் பெண் சொல்ல முடிவது எவ்வளவு பெரிய பாதுகாப்பு! ஆனால் அதே பெண் மகனின் பள்ளிக் கட்டணத்துக்கு அதிலிருந்து கொஞ்சம் எடுக்க வேண்டுமென்றால், வக்கீல் வைத்து, மனு போட்டு, ஒருநாள் சம்பளத்தை இழந்து நீதிமன்ற வாசலில் நிற்க வேண்டும். திருடக்கூடியவரைத் தடுக்கும் பூட்டு, பொறுப்பாக இருப்பவரையும் கையேந்த வைக்கிறது. பூட்டு பணத்தைக் காக்கும். பிள்ளைக்குக் கணக்குச் சொல்லும் பழக்கத்தை அது வீட்டுக்குள் கொண்டுவராது.

அந்தப் பழக்கம் ஏன் இவ்வளவு கஷ்டமாக இருக்கிறது? நம் குடும்பங்களில் கணக்குக் கேட்பது அவமானம். "பெத்தவங்ககிட்டயே கணக்கு கேக்குறியா? உனக்குப் பால் குடுத்ததுக்குக் கணக்கு வெச்சிருக்கேனா?" என்பார்கள். நானே சொல்லியிருக்கிறேன். அன்பு இருக்கும் இடத்தில் கணக்கு எதற்கு என்பது கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் சீட்டுக் கட்டும் அக்காவிடம், கூடப் பிறந்த தம்பியிடம், பங்காளியிடம் பைசா சுத்தமாகக் கணக்குப் பார்ப்பவர்கள்தான் நாம். கணக்கே இல்லாத அன்பு மனைவியிடமும் மகளிடமும் மட்டும்தான் எதிர்பார்க்கப்படுகிறது. யாருக்குக் கணக்குச் சொல்ல வேண்டியதில்லையோ, அவர்களை நாம் இன்னும் முழு ஆளாக எண்ணவில்லை என்று பொருள்.

கையெழுத்துப் போடும் உரிமைக்காக கீதா ஹரிஹரன் பதினான்கு ஆண்டுகள் காத்திருந்தார். அந்த உரிமையை அனுபவிக்கும் தாய்களான நாம், அப்பாக்கள் இருந்த நாற்காலியில் அப்படியே போய் உட்கார்ந்தால், பெயர் மாறும், மகளின் இடம் மாறாது. பாதுகாவலர் அப்பாவா அம்மாவா என்று பெரியவர்கள் வழக்காடும்போது, காக்கப்பட வேண்டியவள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள்.

அன்று சாப்பிட்டு முடித்த பிறகு ஒரு நோட்டை எடுத்து இரண்டு பக்கங்கள் எழுதினேன். ஒரு பக்கத்தில் நான் எடுத்தது: தேதி, தொகை, காரணம், 2009 முதல் சேமிப்புக் கணக்கு வட்டி. மறுபக்கத்தில் டெபாசிட்: பாட்டி போட்டது, அப்பா முடித்தது, போன இடம். படித்துவிட்டு, "பாட்டி ஆபரேஷனுக்கா? சொல்லியிருக்கலாமேம்மா" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "எனக்கு இந்தப் பணம் வேணும்" என்றாள். அவள் பணம் வேண்டாம் என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிடுவாள் என்று எனக்குள் ஒரு மூலையில் எதிர்பார்ப்பு இருந்தது. அப்படிச் சொல்லாததற்காக இன்று அவளை மதிக்கிறேன். என் பங்கை அடுத்த ஒன்றரை ஆண்டில் தவணையாகக் கொடுத்து முடித்தேன். அவள் கல்விக் கடன் அந்த அளவுக்குக் குறைந்தது.

இன்னொரு பக்கம் அப்படியே இருக்கிறது. மனையில் பாதியை மகள் பேருக்கு எழுதிவைக்கச் சொன்னபோது, குடும்பத்தைக் கோர்ட்டாக்குகிறோம் என்றார் அவள் அப்பா. நோட்டை வாங்கிப் பார்க்கவே மறுத்தார்.

இதைப் படிக்கும் பெண்ணுக்கு 18 வயது ஆகியிருந்தால் ஒன்று சொல்கிறேன். உன் பேரில் ஏதாவது கணக்கோ, டெபாசிட்டோ, மனையோ இருக்கிறதா என்று வீட்டில் கேள். 18 ஆனதும் பாதுகாவலரின் கையெழுத்துச் செல்லாது, வங்கிக்குப் போய் உன் அடையாளச் சான்றைக் கொடுத்து உன் கையெழுத்துக்குக் கணக்கை மாற்றிக்கொள். உன் பேரில் இருந்த மனையையோ வீட்டையோ நீதிமன்ற அனுமதியில்லாமல் பாதுகாவலர் விற்றிருந்தால், மேஜரானதிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் அதை எதிர்த்து நீ வழக்குப் போடலாம். அதற்குப் பின் கதவு அடைந்துவிடும். கேட்பது நன்றிகெட்டத்தனம் இல்லை. பணம் மருந்துக்கும் சோற்றுக்கும் போயிருக்கலாம், கேட்டு முடித்த பிறகு நீயே அதை வேண்டாம் என்று விட்டும்விடலாம். விடுவதற்கும் முதலில் அது உன்னுடையது என்று தெரிய வேண்டும்.

என் மகள் இப்போது வேலை பார்க்கிறாள். பொங்கலுக்கு முடிச்சூர் வரும்போதெல்லாம், சாப்பாடு முடிந்து வெற்றிலை போடும் நேரத்தில், சண்டையில்லாமல் அப்பாவிடம் ஒருமுறை கேட்கிறாள்: "ஊரப்பாக்கம் மனை என்னப்பா ஆச்சு?" அவர் ஒவ்வொரு முறையும், "எனக்கு அப்புறம் உனக்குத்தானேம்மா" என்கிறார்.

"அது சரிப்பா. இப்ப?" என்கிறாள் அவள்.